காளஹஸ்திக்குப் பக்கத்தில் எண்ணெய் வண்ணம்

ரேணிகுண்டா பக்கத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் ஓவியம் அச்சுப் படமாகத்தான் முதலில் அறிமுகமாயிற்று. பூஜை அறையில் ஏழுமலையான், கூடத்தில் தாமரைமேல் நிற்கும் லட்சுமி, கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே வீணையுடன் சரஸ்வதி என்று சுவரெல்லாம் நிறைந்திருந்த அந்தப் படங்களுக்கு மூல ஊற்று, ராஜா ரவி வர்மா 1894 இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம். அங்கே ஓர் எண்ணெய் ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, கடைசியில் மினுமினுப்புக்காக வார்னிஷ் பூசினார்கள். சாமானியர் வீட்டுக்கும் ஓவியம் வந்து சேர்ந்தது, நல்ல காரியம்தான். ஆனால் வந்து சேர்ந்தது தோற்றம் மட்டுமே. வண்ணத்தின் கனம், அதற்கு அடியில் இருக்கும் பூச்சு, ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது ஏறும் வரை உள்ள கால இடைவெளி, இவை எதுவும் அச்சில் வர வழியில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் ஓய்வு நேரத்தில் தூரிகை எடுத்த ரயில்வே ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் பளபளப்பே எண்ணெய் ஓவியத்தின் இலக்கணம் என்று எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி வண்ணக் குழாய்களை வாங்கிவரச் செய்தார்கள். கிடைத்த துணியை இழுத்துக் கட்டினார்கள். எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்தப் படங்கள் சுருங்கின, வெடித்தன, மஞ்சளித்தன. என் நினைவில் நிற்கும் அத்தகைய படங்களில் பலவற்றின் கோடு நன்றாகவே இருந்தது. கைக்குத் திறமை போதாமல் கெட்டவை அல்ல அவை. பொருளின் குணம் தெரியாமல் கெட்டவை. பொழுதுபோக்காக வரைகிறவருக்குத் தொழில்முறை ஓவியரைவிட இந்தப் பொருளறிவு அதிகம் தேவை என்பது என் கட்சி. அதைக் கற்கும் மனப்பழக்கத்துக்கு வெளிநாட்டைத் தேட வேண்டாம். ரேணிகுண்டாவில் கூடூர் வண்டி ஏறினால் ஏர்ப்பேட்டைத் தாண்டி வரும் காளஹஸ்தியே போதும்.

ரவி வர்மாவே இந்த அறிவுக்காகப் பட்டபாடு சின்னதல்ல. 1848 இல் கிளிமானூரில் பிறந்து, திருவனந்தபுரம் அரண்மனையில் இளம்வயதில் சேர்ந்த அவருக்கு நீர்வண்ணம் கைவந்திருந்தது. எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்றே வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868 இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோதும், அவர் வேலை செய்வதைப் பார்க்க மட்டுமே இளைஞருக்கு அனுமதி கிடைத்தது. உருவம் வரையும் ஆற்றல் முழுதாக இருந்த ஒருவர், வண்ணத்தை எப்படிக் குழைப்பது, எதன்மேல் எதை ஏற்றுவது என்ற தொழில் நுணுக்கத்துக்காகக் காத்துக் கிடந்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. அவருடைய மேதைமையைப் பாடுகிறோம். அந்த மேதைமை ஐந்தாறு ஆண்டுகள் எதன் வாசலில் நின்றது என்று கேட்பதில்லை. 1873 இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றபோது அவர் வென்றது சாயலை மட்டுமல்ல, எண்ணெயையும்தான்.

இனி காளஹஸ்தி. பொன்முகலி ஆற்றங்கரையில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் கலம்காரி வரைகிறவர்களிடம் ஒரு துணி என்னென்ன நிலைகளைக் கடக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்தவர்கள், ஓவியம் தூரிகையில் தொடங்குகிறது என்று இனி சொல்ல மாட்டார்கள். முதலில் காடாத் துணியின் கஞ்சி போக அலசிக் காயவைக்கிறார்கள். பிறகு கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் தோய்த்து, பிழிந்து, மறுபடி வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து பின்னால் வரும் கறுப்பு மையோடு சேர்ந்து நிற்பதற்கு; பாலின் கொழுப்பு அந்த மை நூலில் ஊறிப் பரவாமல் தடுப்பதற்கு. புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரியால் உருவம் போடுவார்கள். கறுப்பு மை என்பது துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் வாரக்கணக்கில் புளித்த கரைசல். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, நடுவே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டினால் அதுதான் கலம். சுற்றியதை விரல் அழுத்த அழுத்த மை இறங்கும். துணியில் கோடு விழும்போது மங்கலாகத்தான் இருக்கும். இரும்பும் கடுக்காயும் வினைபுரிந்த பிறகே கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்பைப் பூசுவதில்லை. படிகாரக் கரைசலைப் பூசி, ஆறவிட்டு, ஓடும் தண்ணீரில் மிச்சத்தைக் கழுவி, பிறகு மஞ்சிட்டி முதலிய வேர்ச்சாயத்தில் மொத்தத் துணியையும் கொதிக்கவைக்கிறார்கள். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்கிறது. மற்ற இடத்தில் ஏறிய சாயம் பின்னால் வெளுப்பில் போய்விடும். அதன் பிறகு மறுபடி பால், மஞ்சள், அவுரி நீலம், இடையிடையே அலசல். ஒரு நாள் மழை தவறான நேரத்தில் வந்தால் வேலை தள்ளிப்போகும். நீரின் தன்மை மாறினால் நிறம் மாறும். இதையெல்லாம் இவர்கள் வேதியியல் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் எதற்காக எதைச் செய்கிறோம் என்று கேட்டால் ஒவ்வொரு படிக்கும் அவர்களிடம் காரணம் இருக்கிறது. மங்கிப்போக இருந்த இந்தத் தொழிலுக்கு 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் இங்கே பயிற்சி மையம் வந்தது. கலம்காரி ஓவியர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008 இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது கௌரவிக்கப்பட்டது அவருடைய கோட்டோடு இந்தப் படிமுறை அறிவும்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம். கலம்காரி சாயம், நூலுக்குள் ஊறி நிற்பது. எண்ணெய் வண்ணமோ தூள். எண்ணெயில் குழைத்துப் பரப்பின்மேல் படலமாக உட்காருவது. ஒன்றின் விதி இன்னொன்றுக்கு எப்படிப் பொருந்தும்? விதி பொருந்தாது, சரிதான். கடுக்காயையும் எருமைப்பாலையும் கான்வாஸில் பூசச் சொல்லவில்லை. பொருந்துவது முறை: எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேரும், எது எதைத் தடுக்கும், எது காய எவ்வளவு காலம் ஆகும் என்று தெரிந்துகொண்டு அந்த வரிசைக்குக் கையைப் பழக்குவது. சாயத்துக்குப் படிகாரம் எப்படியோ அப்படி எண்ணெய் வண்ணத்துக்கு உயிர்நிலையான கேள்வி ஒன்று உண்டு. எண்ணெய் எப்படிக் காய்கிறது? தண்ணீர் ஆவியாகிற மாதிரி எண்ணெய் ஆவியாவதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, கெட்டியான படலமாக மாறுகிறது. காயும்போது அதன் எடை குறையாமல் முதலில் கூடவே செய்கிறது. இந்த ஒரு செய்தியிலிருந்து எண்ணெய் ஓவியத்தின் சட்டங்களில் பெரும்பாலானவை தாமாகவே பிறக்கின்றன.

எல்லா எண்ணெயும் இப்படிக் காய்வதில்லை என்பதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். சித்தூர்ச் சீமை நிலக்கடலைச் சீமை. கடலை எண்ணெய் எத்தனை மாதமானாலும் காயாது. தேங்காய் எண்ணெயும் காயாது. நல்லெண்ணெய் அரைகுறையாகப் பிசுபிசுத்து நிற்கும். ஆளிவிதை, வால்நட், கசகசா, குசும்பா போன்ற சில வித்துகளின் எண்ணெய்தான் வண்ணத்துக்கு ஆகும். அவற்றிலும் ஆளிவிதைக்கு ஈடாக உறுதியான படலம் தருவது வேறில்லை. குசும்பா எண்ணெய் மஞ்சளிப்பது குறைவு, படலமும் சற்று மெலிவு. ஆளிவிதை எண்ணெயிலும் தரம் பார்க்க வேண்டும். தச்சுவேலைக்கு ஹார்டுவேர் கடையில் விற்கும் காய்ச்சிய எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அது கதவு நிலைக்கு நல்லது, ஓவியத்தில் கறுத்துவிடும். உடம்புக்கு நல்லதென்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் கெட்டுப்போகாமலிருக்க வைட்டமின் ஈ கலப்பதுண்டு; கெட்டுப்போகாமல் தடுக்கும் அதே குணம் காய்வதையும் தடுக்கும். ஓவியத்துக்கென்று சுத்திகரித்த எண்ணெய் ஒரு சிறு சீசா வாங்கினால் ஓராண்டுக்கு மேல் வரும். கடலை எண்ணெயைத் தள்ளிவிடவும் வேண்டாம். காயாத குணம் தூரிகை கழுவ மிகப் பொருத்தம். வேலை முடிந்ததும் தூரிகையைக் கடலை எண்ணெயில் அலம்பித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவிவிட்டால், மூடிய அறையில் டர்பென்டைன் ஆவியை மூச்சில் இழுக்க வேண்டியதில்லை.

தளத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். பெரும்பாலான படங்கள் சாவது அங்கேதான். பூச்சில்லாத பருத்தித் துணியில் நேரே எண்ணெய் வண்ணம் தீட்டினால், எண்ணெய் காயும்போது உண்டாகும் அமிலங்கள் நூலை அரித்துவிடும். காலப்போக்கில் துணி தொட்டால் பொடியும். ஐரோப்பியர்கள் அதற்காக விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரப் பசையைப் பூசி, அதற்கு மேல் வெள்ளைத் தளம் போட்டார்கள். அந்தப் பசை அவர்கள் ஊரிலேயே ஈரம் குடித்து உப்பி, வறண்டு சுருங்கி, மேலேயுள்ள வண்ணத்தை வெடிக்கச் செய்தது. ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் காய்ந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் சுவரே வியர்க்கும் ரேணிகுண்டாவில் அது இன்னும் மோசம். அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்று விற்கும் வெள்ளைப் பூச்சு இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டது. மெலிதாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின், ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாகப் பூச வேண்டும். சுவருக்கு அடிக்கும் டிஸ்டம்பரையோ மலிவான எமல்ஷனையோ அதற்குப் பதில் பூசுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். டிஸ்டம்பர் பொடிந்து உதிரும்; உதிரும்போது தன்மேல் ஏறிய ஓவியத்தையும் கூட்டிக்கொண்டு உதிரும்.

துணியே வேண்டுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். வெயிலும் ஈரமும் மாறிமாறி வரும் ஊரில் இழுத்துக் கட்டிய துணி ஒவ்வொரு பருவத்திலும் தொய்ந்து விறைக்கிறது. வண்ணப் படலம் வயதாக வயதாக இறுகுகிறது. இறுகிய படலத்தின் கீழே துணி அசைந்தால் வெடிப்பு. பலகையானால் அந்த அசைவு குறைவு. இதுவும் நமக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியர்கள் பலாப் பலகையில் துணியை ஒட்டி, சுண்ணப் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் வண்ணமும் தங்கத் தகடும் வைப்பார்கள். தரமான பிளைவுட் துண்டு ஒன்றை ஓரம் உட்பட உப்புத்தாளால் தேய்த்து, முன்னும் பின்னும் விளிம்பிலும் ஜெஸ்ஸோ பூசினால், சிறிய படங்களுக்கு அதைவிட நல்ல தளம் கடையில் கிடைக்காது. பின்பக்கம் பூசாமல் விட்டால் ஒருபக்கம் மட்டும் ஈரம் ஏறிப் பலகை வளையும். ஆயத்த கான்வாஸ்தான் எல்லா இடத்திலும் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, பயன்படுத்தலாம், வாங்கியவுடன் பின்புறம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் பூச்சு போதாது. மேலே இன்னும் இரண்டு முறை பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

வண்ணம் ஏற்றும் வரிசைக்கு ஒரே சட்டம்: எண்ணெய் குறைந்தது அடியில், எண்ணெய் மிகுந்தது மேலே. அடிப்பூச்சில் எண்ணெய் மிகுந்து அது மெதுவாகக் காய, மேற்பூச்சு அதற்குள் காய்ந்து இறுகிவிட்டால், கீழே அசையும்போது மேலே கோடையில் ஏரிப் படுகை பிளப்பதுபோல் பிளக்கும். இதில் நிறங்களின் தனிக் குணமும் சேர்கிறது. அம்பர் என்ற பழுப்பு மண்ணில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் தொடும்படி உலரும். காட்மியம் சிவப்புக்கும் எலும்புக்கரிக் கறுப்புக்கும் வாரக்கணக்கு. கறுப்பில் அடிக்கோலம் போட்டு அதன்மேல் அம்பர் பூசுகிறவர், தெரியாமலே வெடிப்புக்கு நாள் குறிக்கிறார். பளபளப்பு ஆசையில் ஒவ்வொரு பூச்சிலும் எண்ணெய் ஊற்றுவதால் வரும் சுருக்கத்தை நான் கண்டதுபோல் வேறு எந்தக் குறையையும் அடிக்கடி கண்டதில்லை. மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே ஈரம் நிற்க, பரப்பு திரைத்துப்போகும். மினுக்கம் வேண்டுமென்றால் அதற்கு உரிய வேளை கடைசியில் வார்னிஷ். அதுவும் மெல்லிய படமானால் ஆறு மாதம், தடித்த பூச்சானால் ஓராண்டு கழித்து. அதற்குள் பூசினால் காற்று உள்ளே போகும் வழியை அடைக்கிறோம். எங்கள் ஊர் வெயிலை எல்லோரும் திட்டுகிறோமே, எண்ணெய் ஓவியருக்கு அது பெரும் துணை. வெப்பமும் வெளிச்சமும் எண்ணெய் காய்வதை விரைவுபடுத்தும். குளிர்நாட்டவர் வாரக்கணக்கில் காத்திருப்பதை நாம் நாட்கணக்கில் முடிக்கலாம். இருட்டில் வைத்து மஞ்சளித்த புதுப்படத்தைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சளில் பெரும்பகுதி தெளிந்துவிடும். புழுதிக் காற்று மட்டும்தான் பகை. ஈரமான படத்தைச் சுவரை நோக்கிச் சாய்த்துவைத்தால் அதுவும் தீரும்.

செலவு என்ற ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். மாதச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவர் இருபத்துநான்கு நிறப் பெட்டி வாங்க யோசிப்பது இயல்பு. அந்தப் பெட்டி தேவையே இல்லை என்பதுதான் பதில். குழாயில் நிறத்தூளோடு நிரப்புப் பொருளும் இருக்கும். மாணவர் தரக் குழாய்களில் அது அதிகம். அப்படிச் சேர்க்கப்படும் பொருள்களில் ஒன்று பேரைட்ஸ் கல்லின் மாவு. உலகிலேயே பெரிய பேரைட்ஸ் படிவங்களுள் ஒன்று ரேணிகுண்டாவிலிருந்து கடப்பா போகும் பாதையில் மங்கம்பேட்டையில் இருக்கிறது! கல்மாவு விஷமல்ல, படத்தைக் கெடுப்பதுமில்லை. நிறத்தின் வலுவைத்தான் குறைக்கிறது. மலிவான குழாயை மூன்று மடங்கு பிதுக்க வேண்டி வந்தால் மலிவு எங்கே நின்றது? ஆகவே ஆறு குழாய் போதும், ஆனால் நல்ல ஆறு: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, சுட்ட சியன்னா, சுட்ட அம்பர், அல்ட்ராமரீன் நீலம், அதோடு அழுத்தமான ஒரு சிவப்பு. இவற்றில் மூன்று வெறும் மண். அதனால் ஓவியர் தரத்திலும் விலை அடங்கியே இருக்கும். அல்ட்ராமரீன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்து எடுத்த, பொன்னுக்கு நிகரான பொருள். 1828 இல் பிரான்சில் செயற்கையாகச் செய்யும் வழி கண்ட பிறகு சாதாரண விலைக்கு வந்தது. சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் சோர்ன் வெள்ளை, காவி, சிவப்பு, கறுப்பு என்ற நான்கை வைத்தே உயிருள்ள தோல்நிறங்களை எழுதினார். நம் மாநிறத் தோலுக்குக் காவியும் சியன்னாவும் அல்ட்ராமரீனும் தரும் ஆழத்தைப் பெட்டியில் தனியே வரும் எந்தத் தோல்நிறக் குழாயும் தராது.

குழாயின் பெயரை நம்பாமல் அதன் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் குறியீட்டைப் படிக்கும் பழக்கம் வேண்டும். பி.பி. 29 என்றிருந்தால் உண்மையான அல்ட்ராமரீன், பி.ஒய். 43 என்றால் இயற்கைக் காவி. பி.ஆர். 83 என்றால் அலிசரின் கிரிம்சன்; குழாயில் எவ்வளவு அழகோ அவ்வளவு நிலையில்லாதது, மெலிதாகப் பூசினால் வெளிச்சத்தில் வெளிறிவிடும். பி.டபிள்யூ. 4 துத்தநாக வெள்ளை. எண்ணெயில் நாளாவட்டத்தில் நொறுங்கும் தன்மையுள்ளது, அடிப்பூச்சுக்கு ஆகாது. பி.டபிள்யூ. 6 டைட்டானியம், அந்தத் தூளைத் திருவனந்தபுரத்தில் ஒரு பொதுத்துறை ஆலை கேரளக் கடற்கரை மணலிலிருந்து எடுக்கிறது. இதைச் சொல்லும்போது, இயற்கை வண்ணத்தின்மேல் உள்ள ஆர்வத்தில் மஞ்சள்தூளையும் குங்குமத்தையும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பார்ப்பவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் ஆர்வம் உயர்ந்தது, தேர்ந்த பொருள் தவறு. சமையல் மஞ்சள் வெயிலுக்கு நிற்காத நிறம். இராயலசீமையின் செம்மண்ணையும் காவிக்கல்லையும் நிறமாக்குவதோ இரும்பின் ஆக்சைடு. ஆயிரம் ஆண்டு வெளிச்சத்தையும் அது தாங்கும். கல்லைப் பொடித்து, தண்ணீரில் கலக்கி, கனத்த மணல் அடியில் தங்கியபின் மேலே மிதக்கும் நுண்ணிய வண்டலை வடித்து உலர்த்தி, ஆளிவிதை எண்ணெய் விட்டுக் கண்ணாடிப் பலகையில் அரைத்தால் சொந்த ஊர் மண்ணே வண்ணமாகும். சொந்தமாக எதையாவது செய்ய விரும்புகிறவர் இதைச் செய்யட்டும்.

இவ்வளவு விதி இருந்தால் பொழுதுபோக்கின் மகிழ்ச்சி எங்கே போகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அலுவலக வேலையின் இறுக்கம் தணியத்தானே தூரிகை எடுப்பது என்பார்கள். இந்த ஆட்சேபத்தைத்தான் நான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: தொழில் ஓவியர் ஆண்டுக்கு முப்பது நாற்பது படம் எழுதுகிறார்; இரண்டு கெட்டால் அவருக்குப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு படம் முடிக்கிறவருக்கு அந்த ஒன்று கெடுவது ஓராண்டின் ஓய்வு முழுவதும் கெடுவது. மகள் கல்யாணத்துக்குத் தீட்டிய படம் பேரப்பிள்ளை பிறப்பதற்குள் உதிர்ந்தால் மகிழ்ச்சி எங்கே? தளம் சரியாக இருக்கிறது, வரிசை தெரியும் என்ற தைரியம் இருக்கும்போதுதான் தயக்கமின்றித் தீட்ட முடிகிறது. காளஹஸ்தியில் கலம் பிடித்தவரின் கோடு தயங்காமல் ஓடுவதற்கும் அந்தத் துணி ஏற்கெனவே கடுக்காயும் பாலும் கண்டிருப்பதற்கும் தொடர்பில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மை ஊறிப் பரவும் என்று பயந்தவரின் கை அப்படி ஓடாது.

அப்படியானால் அக்ரிலிக்கே போதுமே, நிமிடத்தில் உலருமே, எண்ணெயோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது இந்தக் காலத்துக் கேள்வி. அக்ரிலிக் நல்ல வண்ணம். வாசனை இல்லை, தண்ணீர் போதும், வெடிப்பும் குறைவு. ஒரு பரப்பில் தட்டையாக, அடுக்கடுக்காக வேலை செய்கிறவருக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் ரேணிகுண்டா வெயிலில், மின்விசிறி சுழலும் அறையில், அது தட்டிலும் தூரிகையிலுமே காய்ந்துவிடும். ஈரத்தில் பார்த்த நிறம் உலர்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும். எண்ணெய் தருவது அவகாசம். மாலையில் எழுதிய கன்னத்தின் நிழலை மறுநாள் மாலையிலும் மென்மையாக இழைக்கலாம். பிடிக்காததைத் துணியால் துடைத்தெடுக்கலாம். நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு அந்த அவகாசம் பெரிய கொடை. அக்ரிலிக்கில் அடிக்கோலம் மெலிதாகப் போட்டு, உலர்ந்தபின் மேலே எண்ணெயில் முடிப்பது இரண்டின் நன்மையையும் தரும். மாற்றிச் செய்யக்கூடாது, எண்ணெயின்மேல் அக்ரிலிக் ஒட்டாது. எண்ணெய் வண்ணம் வெள்ளைக்காரன் கலை, நமக்கெதற்கு என்று சொல்பவர்களுக்கு ஒரே செய்தி: ஆப்கானிஸ்தானத்தில் பாமியான் குகைகளில் 7 ஆம் நூற்றாண்டுப் பௌத்தச் சுவரோவியங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் சிலவற்றில் காயும் எண்ணெயில் குழைத்த வண்ணங்கள் இருப்பதை 2008 இல் அறிவித்தார்கள். ஐரோப்பாவில் எண்ணெய் ஓவியம் தழைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையவை அவை. பொருள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அறிந்து பயன்படுத்துகிறவர் யாரோ அவருக்குச் சொந்தம்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியாகிறது என்பது அதன் வேதியியலிலேயே உள்ளது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறி, தீப்பொறி எதுவும் இல்லாமலே தானாகத் தீப்பற்றும். மே மாதத்து ரேணிகுண்டாவில், தகர ஷீட்டு போட்ட மாடி அறையில் வரைகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துடைத்த துணியைத் தண்ணீர் நிரம்பிய டப்பாவில் போடுங்கள், அல்லது தனித்தனியாகக் கொடியில் விரித்து உலரவிட்டு அப்புறம் எறியுங்கள். காரீய வெள்ளை போன்ற நச்சு நிறங்களை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தட்டும் தூரிகையும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒருபோதும் சேரக்கூடாது.

வரையத் தொடங்குகிறவர்கள் முதலில் ஓர் அடிச் சதுரப் பலகை ஒன்றைத் தங்கள் கையாலேயே தேய்த்துப் பூசித் தயார் செய்யுங்கள். ஆறு நிறத்தையும் அதன்மேல் பட்டை பட்டையாக, பாதி எண்ணெய் கலந்தும் பாதி கலக்காமலும் தீட்டி, எது எப்போது உலர்கிறது என்று தேதி போட்டுக் குறித்துவையுங்கள். அதே வாரத்தில் ஒரு விடுமுறை நாளில் காளஹஸ்திக்குப் போய், வரைந்து முடித்த துணியை வாங்குவதோடு நில்லாமல், வரையாத துணியை அவர்கள் எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; பலரும் முகம் மலர்ந்து விளக்குவார்கள். பிறகு எழுதும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தளம் எது, எண்ணெய் எது, நிறங்களின் குறியீடு என்ன, முடித்த தேதி எது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து அதைச் செப்பனிட வருகிறவருக்கு உங்கள் கையெழுத்தைவிட அந்தக் குறிப்பே அதிகம் உதவும்.